குட்டநாட்டில் மூன்று நாள்: படகும் வரப்பு நடையும்

சென்னையிலிருந்து மூன்று நாள் விடுமுறையில், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு ஓர் ஆற்றில் அவசரமில்லாமல் படகில் போக வேண்டும், நடுநடுவே இறங்கிக் கிராமப்புறத்தில் நடக்க வேண்டும், அதற்கு ஆலப்புழாவில் ஒரு ராத்திரி ஹவுஸ்போட் எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆலப்புழா சரியான இடம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டதில் பாதி, அதாவது நடை, ஹவுஸ்போட்டில் கிடைக்காது. மீதிப் பாதியும் குறைவாகத்தான் கிடைக்கும்.

ஹவுஸ்போட்டில் மதியம் பன்னிரண்டு வாக்கில் ஏற்றுவார்கள். சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு கரையில் நிறுத்துவார்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு காயல் மீனவர்களுடையது, வலை விரிக்கும் நேரம். மறுநாள் காலையில் பலகாரத்தோடு ஒரு சின்னச் சுற்று, ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். கிட்டத்தட்ட ஒரு முழு நாளுக்குப் பணம் கொடுத்தாலும் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். உடம்பு பெரியது என்பதால் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையாது. அகலமான ஆற்றிலும் காயலிலும்தான் போகும், அங்கே அதே போல இன்னும் பல படகுகள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். ராத்திரி ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடும் படகுகளின் வரிசையில் கட்டிவிட்டால், ஆற்றின் சத்தம் காதில் விழாது. அப்பா அம்மாவால் நடக்கவே முடியாது என்றால், அல்லது வருவது மழைக்காலத்தில் என்றால், ஹவுஸ்போட் நல்ல வழி. நடக்க முடிகிறவர்களுக்கு அதைவிட எவ்வளவோ நல்ல வழி இருக்கிறது.

அந்த வழி இது: ஆலப்புழாவை ஒட்டிய குட்டநாட்டில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டேயில் இரண்டு இரவு தங்குங்கள். ஊர்விட்டு ஊர் போக அரசுப் பயணிகள் படகு. வாய்க்கால்களுக்குள் போக, துடுப்புப் போடும் சின்ன வள்ளம். காலையும் மாலையும் வரப்பில் நடை.

வரப்பு நடையை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. குட்டநாட்டில் தண்ணீர் மேலே இருக்கிறது, நிலம் கீழே இருக்கிறது. படகில் உட்கார்ந்திருந்தால் இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் தென்னை வரிசை, அதன் நிழலில் வீடுகள், வீட்டுக்கு முன்னால் படித்துறை, அவ்வளவுதான் தெரியும். மூன்று நாளும் படகிலேயே கழித்தவர் இதைத்தான் குட்டநாடு என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவார். ஏதாவது ஒரு படகுத்துறையில் இறங்கி, அந்த வீட்டு வரிசையைத் தாண்டிப் பத்தடி நடந்து பாருங்கள். தென்னைக்குப் பின்னால் நிலம் சட்டென்று இறங்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல். நீங்கள் நிற்கும் கரைக்கு ஒரு பக்கம் ஆறு காலடியில் தளும்பிக்கொண்டிருக்கும், மறுபக்கம் வயல் ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே கிடக்கும். திரும்பிப் பார்த்தால், சற்றுமுன் நீங்கள் வந்த படகு நெற்கதிரைவிட உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்று மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் சேருவதற்கு முன் கிளைகிளையாகப் பிரிந்து படர்கிற தாழ்நிலம் இது. பழைய உரைகாரர்கள் கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டில் ஒன்றாக எண்ணிய குட்டம் இந்தப் பக்கம்தான். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் முங்கி எழுகிற பம்பை, பாறைகளுக்கு நடுவே ஓடும் சில்லென்ற காட்டாறு. அதே பம்பை இங்கே வரும்போது அகன்று, ஓட்டமே தெரியாமல் நிற்கும். வீட்டில் யாராவது மலைக்குப் போய் வந்தவர்கள் இருந்தால், அது இந்த ஆறுதான் என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள்.

இந்தத் தாழ்நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே. இடத்தைப் பொறுத்து ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலும் தாழ்ந்திருக்கும். பல விவசாயிகளின் வயல்களைச் சேர்த்துச் சுற்றிலும் ஒரே கரை கட்டியிருப்பார்கள். அந்தத் தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். கரையை வரம்பு என்றும் பண்டு என்றும் சொல்வார்கள். விதைப்புக்கு முன்னால் அதற்குள் இருக்கும் தண்ணீர் முழுவதையும் இறைத்து ஆற்றில் விட வேண்டும். பயிர் நிற்கிற காலம் முழுக்க, கசிந்து வருவதையும் மழையில் சேருவதையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பண்டில் நடக்கும்போது மோட்டார் ஓசை கேட்கிற பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு கொட்டகைக்குள் பெட்டியும் பறையும் இருக்கும். பறை என்பது நிமிர்ந்து நிற்கும் உருளை. அதன் அடியில் சுழலும் இலைகள் வயல் தண்ணீரை மேலே தள்ளும். பெட்டி என்பது அதோடு சேர்ந்த நீண்ட சதுரக் குழாய். மேலே வந்த தண்ணீர் அதன் வழியாகக் கரையைத் தாண்டி ஆற்றில் கொட்டும். பெல்ட் போட்டு மோட்டாரோடு இணைத்திருப்பார்கள். அது கொட்டுகிற வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான், இந்த வயல்கள் எதன்மேல் நிற்கின்றன என்று புரியும். மோட்டார் வருவதற்கு முன்னால் ஆட்கள் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, இரவு பகலாக மிதித்து இறைத்தார்கள்.

காயலுக்குள்ளேயே போனால் இன்னும் வியப்பு. சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பெயர் தாங்கிய நிலத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்த இடம் வெறும் தண்ணீர். ஜோசப் முரிக்கன் என்ற நிலக்கிழாரின் முயற்சியில் காயலை அடைத்து மீட்கப்பட்டவை அவை. தென்னங்கழிகளை வரிசையாக ஊன்றி, மூங்கில் தட்டி கட்டி, இடையில் காயலின் அடிச்சேற்றை வெட்டி எடுத்து நிரப்பிக் கரை எழுப்பினார்கள். அந்தச் சேற்றைத் தண்ணீரில் மூழ்கி அள்ளியவர்கள் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். கரையின் மேல் நடக்கும்போது அவர்களைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் குட்டநாட்டின் கடல் மட்டத்துக்குக் கீழான வேளாண்மையை உலகளாவிய வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பெருமையில் அவர்களுடைய பங்கு பெரியது.

இனிப் பயணத்துக்கு வருகிறேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறினால் மறுநாள் முற்பகலில் ஆலப்புழா. ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம், படகுத்துறை ஊருக்குள் கேரள அரசு பஸ் நிலையத்தை ஒட்டி. நாலைந்து கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம். வழியில் ஹவுஸ்போட், ஷிக்காரா (சின்ன உல்லாசப் படகு) என்று கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அரசுப் படகுத்துறை என்று தெளிவாகச் சொல்லி, டிக்கெட் அலுவலகம் இருக்கிற இடத்துக்கே போங்கள். கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் தலைமையிடமே ஆலப்புழாதான். நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு, கைநகரி, கோட்டயம் என்று இங்கிருந்து படகுகள் போகின்றன. நேர அட்டவணை அங்கேயே எழுதியிருக்கும். ஆனால் பருவத்துக்கும் தண்ணீர் நிலைமைக்கும் ஏற்ப மாறும். முதல் நாளே மூன்று நாளுக்குமான நேரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்த்த நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

இந்தப் படகுகள் அங்கத்து மக்களுக்கு நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. பள்ளிப் பிள்ளைகள், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மருத்துவமனைக்குப் போகும் பாட்டி எல்லாம் ஒரே படகில். கட்டணமும் பஸ் கட்டணம் அளவுதான். முன்பக்கம் சுக்கானைப் பிடித்திருப்பவரை ஸ்ராங்க் என்பார்கள். எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் படகின் வயிற்றுக்குள், துறை எங்கே வருகிறது என்பதே தெரியாத இடத்தில் இருப்பார். ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணி அடித்துத்தான் அவருக்குச் சேதி சொல்வார். வேகத்தைக் குறை, நிறுத்து, பின்னால் எடு எல்லாம் மணியில்தான். துறை நெருங்கியதும் லாஸ்கர் என்ற படகு ஊழியர் எட்டிக் குதித்து வடத்தைத் தூணில் ஒரு சுற்று சுற்றுவார். நாலு பேர் இறங்கி மூன்று பேர் ஏறியதும் வடம் கழன்றுவிடும், மறுபடி மணி. முன்பக்கத்து இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். அப்பா அம்மாவைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது ஏறி இறங்குவதுதான். தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துப் படகுக்கும் துறைக்கும் நடுவே ஓர் அடி ஏற்ற இறக்கம் இருக்கும். அவசரப்படாமல், கை பிடித்து இறங்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கிறவர்களே கை கொடுப்பார்கள். காலையில் பள்ளி, அலுவலக நேரத்துப் படகைத் தவிர்த்து அடுத்ததில் ஏறினால் அவர்களுக்கும் தொந்தரவில்லை, நமக்கும் இடம் கிடைக்கும்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நெடுமுடிப் படகைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸில் போனால் ஆலப்புழா–சங்கனாசேரி சாலை வழியாகப் பாதி நேரத்தில் போய்விடலாம், பெட்டி படுக்கை அதிகம் என்றால் அதுவும் சரிதான். ஆனால் அந்த முதல் படகுப் பயணத்தை விட எனக்கு மனம் வராது. புன்னமடையைத் தாண்டும் வரை ஹவுஸ்போட் கூட்டம். அதற்குப் பிறகு கூட்டம் கரைந்து ஊர் தொடங்கும். புன்னமடையில்தான் ஆகஸ்டில் நேரு கோப்பைப் படகுப்போட்டி நடக்கிறது. 1952இல் நேரு வந்தபோது அவருக்காக நடத்திய போட்டியில் மகிழ்ந்து, அவர் பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கோப்பையிலிருந்து ஆரம்பித்தது அது. வேறு மாதங்களில் போனால், சில கிராமங்களில் கொட்டகைக்குள் சுண்டன் வள்ளத்தை ஏற்றி வைத்திருப்பதைப் பார்க்கலாம். நூறு அடிக்கு மேல் நீளம், நூறு பேர் வரை உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். கேட்டால் பெரும்பாலும் கிட்டே விடுவார்கள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், மரத்தின் மேல் கை வைக்காதீர்கள். அது கரைக்காரர்களுக்குச் சாமிக்குச் சமம்.

தங்குவதற்கு நெடுமுடி அல்லது சம்பக்குளம் பக்கம் பாருங்கள். இடம் பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வீடு ஆற்றைப் பார்த்து இருக்கிறதா, வாசலிலிருந்து பண்டு வழியாக நடக்க முடியுமா, படகுத்துறை எவ்வளவு தூரம். முதல் மாலை பெரிதாக ஒன்றும் திட்டம் போட வேண்டாம். நாலரைக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் கரையோடு ஒரு மணி நேரம் போய் வாருங்கள், போதும்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள். டீ குடித்துவிட்டுப் போகலாம், பலகாரம் திரும்பி வந்த பிறகு. கரையோரப் பாதை வீடுகளின் முற்றத்தை ஒட்டியே போகும். சில இடத்தில் முற்றத்தின் நடுவேகூட. அது பொதுப் பாதைதான், தயங்க வேண்டாம். ஆனால் எதிரே வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் போவது அங்கே அழகல்ல. தமிழிலேயே பேசுங்கள், புரிந்துகொள்வார்கள். படித்துறைகளில் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. படகிலிருந்தும் கூடாது. ஆறு அவர்களுக்கு வீட்டின் ஓர் அறை.

வீடுகளைத் தாண்டி வெளிப்பண்டுக்கு வந்துவிட்டால் நிழல் கிடையாது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தண்ணீர். காலை நேரத்தில் நீர்க்காகங்கள் கம்பங்களின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும், செம்பருந்து வட்டமிடும், குளிர்காலத்தில் ஆலாக்கள் வயலுக்கு மேல் தாழப் பறக்கும். வாய்க்கால் குறுக்கிடுகிற இடத்தில் பாலம் இருக்கும். அடியில் படகு போக வேண்டும் என்பதால் உயரமாக, செங்குத்தான படிகளோடு கட்டியிருப்பார்கள். மூட்டு வலி இருந்தால் அதுவரை போய்த் திரும்பிவிடுவது நல்லது. சில வாய்க்காலில் தென்னை மரத்தைப் போட்டதுதான் பாலம். அதில் அப்பா அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம். ஒன்பது, ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். பத்து மணி வெயில் பண்டின் மேல் தாங்காது. குடை கட்டாயம். தொப்பியைவிடக் குடை நல்லது என்பது என் அனுபவம்.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். களிமண் கரை, பனி பெய்திருந்தாலே வழுக்கும். பின்பக்கம் வார் வைத்த, அடியில் பிடிப்பு உள்ள செருப்புதான் சரி. வெறுங்காலோடு சேற்றில் இறங்கிப் பார்க்க ஆசையாக இருக்கும். காலில் சின்ன வெடிப்போ காயமோ இருந்தால் இறங்காதீர்கள். குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் உண்டு, தேங்கிய தண்ணீரிலிருந்து பெரும்பாலும் காயம் வழியாகத்தான் அது ஏறும். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பலகாரத்துக்குப் பிறகு சின்ன வள்ளத்தை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஹோம்ஸ்டேக்காரர்களே செய்து தருவார்கள். மோட்டார் இல்லாத வள்ளம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆழமான இடத்தில் துடுப்பு, ஆழம் குறைந்த இடத்தில் நீளக் கழியால் ஊன்றித் தள்ளுவார்கள். இரு கையையும் நீட்டினால் இரு கரையும் எட்டிவிடும் என்று தோன்றுகிற வாய்க்கால்களில் இரண்டு மணி நேரம். நீங்கள் கேட்ட நிதானம் இதில்தான் முழுசாகக் கிடைக்கும். ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் வள்ளக்காரர் கழியால் ஒதுக்கி ஒதுக்கிப் போவார். அந்த ஊதாப்பூவைப் பார்த்து மகிழ்கிறவர்களை அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவருக்கு அது அன்றாடத் தொல்லை. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிதண்ணீர் படகில் வருகிற ஊர்கள் இங்கே உண்டு என்பதையும் அப்போது பார்ப்பீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அங்கே போடாமல் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

சம்பக்குளத்தில் கல்லூர்க்காடு புனித மரியா பசிலிக்கா ஆற்றைப் பார்த்து நிற்கிறது. கி.பி. 427இல் தோன்றியது என்பது அதன் மரபு. கேரளத்தின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. உள்ளே பீடத்தைச் சுற்றியுள்ள பழைய வேலைப்பாட்டைப் பார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இந்த ஊருக்கும் அம்பலப்புழா கிருஷ்ணன் கோவிலுக்கும் தொடர்புண்டு. கிருஷ்ணர் விக்கிரகத்தைக் குறிச்சியிலிருந்து படகில் கொண்டுவந்தபோது, வழியில் சம்பக்குளத்தில் ஒரு கிறிஸ்தவர் வீட்டில் இரவு தங்கவைத்தார்கள் என்பது ஐதீகம். மிதுன (நம் ஆனி) மாதத்து மூல நட்சத்திரத்தில் நடக்கும் சம்பக்குளம் மூலம் படகுப்போட்டி அந்த நினைவில்தான். நாலாவது நாள் கிடைத்தால் அம்பலப்புழாவையும், பக்கத்தில் கருமாடியில் பாதி உடைந்து நிற்கிற கருங்கல் புத்தரையும் பார்த்துவிடலாம். ஊர்க்காரர்கள் அவரைக் கருமாடிக்குட்டன் என்கிறார்கள்.

மாலையில் கைநகரிப் பக்கம் போகும் படகில் ஏறுங்கள். பம்பை காயலைத் தொடுகிற பகுதி அது. 1805இல் அங்கே பிறந்த குரியாகோஸ் எலியாஸ் சாவறா 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் பிறந்த வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அதைவிட எனக்கு அந்தக் கரையில் நடப்பது முக்கியம். குட்டநாடு இன்று படும் பாட்டை அங்கே கண்ணால் பார்க்கலாம். 2018 வெள்ளத்தில் கரைகள் உடைந்து வாரக்கணக்கில் வீடுகள் தண்ணீரில் நின்றன. பூட்டிக் கிடக்கிற வீடுகள், தரையை உயர்த்திக் கட்டிய வீடுகள், சுவரில் வெள்ளம் நின்ற கோடு எல்லாம் தெரியும். ஆர் பிளாக் போன்ற காயல் நிலங்களில் தண்ணீர் வடியாமல் தேங்கி, குடும்பங்கள் வெளியேறின. அழகை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் வருவது சரியில்லை என்று நினைக்கிறேன். படகு திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். இருட்டுவதற்குள் தங்குமிடம் வந்துவிட வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றி, இருட்டிய பிறகு ஓட்டிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தனியார் படகு எதில் ஏறினாலும் பதிவு எண் எழுதியிருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி, லைஃப் ஜாக்கெட் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வள்ளத்திலும் போட்டுக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்தவர்களும்தான். சூரியன் மறைந்த பிறகு யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

எப்போது போவது என்பதை வயலை வைத்து முடிவு செய்யுங்கள். புஞ்சை என்று அங்கே சொல்லும் முக்கிய நெற்பயிருக்கு அக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் எங்கும் பச்சை, காலையில் குளுமை. மார்ச்சில் பொன்னிறம், அறுவடை இயந்திரத்தையே படகில் ஏற்றிக் கொண்டுவருவதைப் பார்க்கலாம். அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லுக்கு வாத்துக் கூட்டங்களை ஆயிரக்கணக்கில் ஓட்டி வருவார்கள். ஆனால் வெயில் கடுமை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, இரண்டாம் போகம் போடாத பாடசேகரங்களில் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள். வயல் இருந்த இடமெல்லாம் கடலாகத் தெரியும், நடை முடியாது. இன்னொன்று: காயலின் உப்புநீர் வயலுக்கு ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணையின் கதவுகளைக் கோடையில் சில மாதம் மூடிவைப்பார்கள். மூடியிருக்கும் நாள் கூடக்கூட ஆற்றில் ஓட்டம் குறையும், ஆகாயத்தாமரை பெருகும். தண்ணீரின் தெளிவும் குறையும். சபரிமலைக் காலத்தில் மகரவிளக்கு வரை கேரள ரயில்களில் இடம் கிடைப்பது பெரும்பாடு. பொங்கல் விடுமுறைக் கூட்டம் வேறு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு ஜனவரி மூன்றாவது வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை மிகப் பொருத்தம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுச் சமையல் எதைச் செய்தாலும் நன்றாக இருக்கும். சிவப்பரிசிச் சோறு வயிற்றுக்குப் புதிது என்றால் முதல் வேளை குறைவாகச் சாப்பிடுங்கள். கரிமீனும் வாத்துக்கறியும் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். சைவம் என்றால் அதையும் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.

உங்கள் அப்பா விவசாயத் துறையில் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்காக ஒன்று. நெடுமுடிக்குப் பக்கத்தில் மங்கொம்பு இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனின் பெயரில் முதலில் வரும் எழுத்து இந்த ஊர்தான், அவருடைய பூர்வீகம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருக்கிறது. குட்டநாட்டு வயல்களில் இன்று மிகுதியாகக் காண்கிற உமா ரகம் இங்கிருந்து வந்ததுதான். பண்டில் நடக்கும்போது எதிர்ப்படும் விவசாயியிடம் என்ன ரகம் என்று உங்கள் அப்பா கேட்டால் போதும், அன்றைய காலை நடை அங்கேயே நின்றுவிடும். நிற்கட்டும், அவசரமா என்ன?

மூன்றாம் நாள் ஆலப்புழா வழியாகவே ஊர் திரும்ப வேண்டாம் என்பது என் யோசனை. திருவனந்தபுரம்–சென்னை மெயில் கோட்டயம் வழியாகப் போகிறது, மாலையில் அங்கே ஏறிக்கொள்ளலாம். காலையில் நெடுமுடியிலிருந்து ஆலப்புழாத் துறைக்கு வந்து, மதியத்துக்கு முன் கிளம்பும் கோட்டயம் படகைப் பிடியுங்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஆற்றிலிருந்து காயலுக்கு, காயலிலிருந்து மறுபடி குறுகிய வாய்க்காலுக்கு என்று மூன்று விதமான தண்ணீரையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். கோட்டயம் நெருங்கும்போது வாய்க்காலின் குறுக்கே நடைபாலங்கள் வரும். படகு வருவதைப் பார்த்ததும் கரையில் இருப்பவர் பாலத்தைத் தூக்குவார், படகு போனதும் இறக்குவார். கடைசித் துறை கோடிமதை, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோ. சில சமயம் அந்தப் பாலங்கள் பழுதாகியோ வாய்க்கால் அடைபட்டோ, படகு காஞ்ஞிரத்திலேயே நின்றுவிடும். அப்போது மீதித் தூரத்தைச் சாலையில்தான் போக வேண்டும். அன்றைக்குக் கோடிமதை வரை போகுமா என்று ஆலப்புழாவில் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிட்டு, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்துக் கிளம்புங்கள்.